மூடிய கடையின் கணக்கு

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மாலையில் அந்தப் பையன் என் அலுவலகத்துக்கு வந்தான். பையன் என்கிறேனே தவிர வயது 38. அவன் அப்பாவின் பலசரக்குக் கடைக்கு இருபது வருஷம் நான்தான் கணக்குப் பார்த்தேன். அதனால் எனக்கு அவன் இன்னும் பையன்தான். பதினோரு வருஷம் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுத் திருநெல்வேலிக்கே திரும்பியிருந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. ஒரு தேநீர்க் கடைக் கம்பெனியின் பிரான்சைஸ் எடுக்கப் போகிறான். நுழைவுக் கட்டணம் 5 லட்சம், டெபாசிட் 2 லட்சம், கடை அலங்காரமும் எந்திரங்களும் சேர்த்து 11 லட்சம். அதற்குப் பிறகு மாத விற்பனையில் 6 சதவீதம் ராயல்டி.

“ஒப்பந்தத்த மட்டும் ஒரு பார்வை பாத்துக் குடுங்க சார். கம்பெனி நல்ல கம்பெனிதான். பேலன்ஸ் ஷீட்டே குடுத்திருக்காங்க. ஆடிட்டர் கையெழுத்துப் போட்டிருக்காங்க பாருங்க.”

கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். கையெழுத்து இருந்தது, முத்திரை இருந்தது, உறுப்பினர் எண் இருந்தது. அறிக்கையில் எந்தக் குறையும் சொல்லப்படவில்லை. வருமானம் ஒரே ஆண்டில் இரட்டிப்பாகியிருந்தது. அவன் போடப் போகும் பணம் மொத்தம் 18 லட்சம். அதில் பாதி அவன் மனைவியின் நகை. அதை அந்தக் கையெழுத்தை நம்பி எடுத்து வைக்க அவன் தயாராக இருந்தான்.

கோப்பை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. கையெழுத்து என்னுடையதல்ல. ஆனால் அதே வாசகத்தின் கீழே முப்பது வருஷமாக நானும் கையெழுத்துப் போட்டு வருகிறேன். அந்தக் கையெழுத்தில் அவன் என்ன படித்தான், அது உண்மையில் என்ன சொல்கிறது என்று யோசிக்க யோசிக்க, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம் என்னை வருத்தியது.

அவன் படித்தது: இந்தக் கம்பெனி நிலைக்கும்.

கையெழுத்து சொல்வது: மார்ச் 31 அன்று இருந்த நிலையையும், அந்த ஒரு வருஷத்து லாப நட்டத்தையும் இந்தக் கணக்குகள் உண்மையாகவும் நியாயமாகவும் காட்டுகின்றன. அவ்வளவுதான். தணிக்கையாளர் முன்னோக்கிப் பார்க்கும் இடம் ஒன்றே ஒன்று. கம்பெனி தொடர்ந்து நடக்கும் என்ற அடிப்படையில் கணக்கு எழுதியது சரிதானா என்று அவர் பார்க்க வேண்டும். தணிக்கை நெறிகளில் 570 என்ற எண் அதற்குரியது. பெரிய சந்தேகம் இருந்தால் அறிக்கையில் தனித் தலைப்பிட்டுச் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டிருந்தால் அது உத்தரவாதம் ஆகாது என்பதையும் அதே நெறி தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. அந்த வரியைத் தொழிலில் இருக்கிற நாங்கள் படித்திருக்கிறோம். நகையை அடகு வைப்பவர் படித்ததில்லை.

பிரான்சைஸ் கம்பெனியில் இந்தத் தூரம் இன்னும் கூடிவிடுகிறது. நூற்பாலையின் கணக்கைப் பார்க்கப் போனால் பஞ்சும் நூலும் எந்திரமும் கண்ணெதிரே இருக்கும். பிரான்சைஸ் கம்பெனியிடம் ஒரு பெயர்ப் பலகையும், ஒரு செய்முறையும், ஒரு கட்டு ஒப்பந்தங்களும்தான் இருக்கும். அதன் உயிர் வேறு நூறு பேருடைய கடைகளில் ஓடுகிறது. அந்த நூறு கடைகளின் கணக்குப் புத்தகங்கள் தணிக்கையாளரின் மேசைக்கு வருவதில்லை. சட்டத்தின் கண்ணில் அவை வேறு வேறு ஆட்களின் வியாபாரம். ஆலமரத்தின் அடிமரத்தை மட்டும் தட்டிப் பார்த்து, அடுத்தவர் மனைகளில் ஊன்றியிருக்கும் விழுதுகளைப் பார்க்காமலே மரம் திடமாக இருக்கிறது என்று எழுதித் தரும் வேலை இது.

இந்தச் சங்கடம் புதிதல்ல. அமெரிக்காவில் 1960-களின் இறுதியில் பிரான்சைஸ் ஒரு பெரும் மோகமாகப் பரவியது. டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் மின்னி பேர்ல் என்ற நகைச்சுவை நடிகையின் பெயரில் ஒரு கோழிக்கறிக் கடைத் தொடர் தொடங்கினார்கள். கடை நடத்தும் உரிமத்தை ஊர் ஊராக விற்றார்கள். வாங்கியவர்கள் ஒரு பகுதியைப் பணமாகக் கொடுத்தார்கள். மீதிக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே மொத்தக் கட்டணத்தையும் வருமானம் என்று கணக்கில் ஏற்றினார்கள். அன்றைய கணக்கு முறை அதைத் தடுக்கவில்லை. லாபம் மலைபோல் தெரிந்தது, பங்கு விலை பறந்தது. ஆனால் விற்ற உரிமங்களில் பெரும்பகுதி கடையாகத் திறக்கவே இல்லை. கணக்கைத் திருத்தி எழுதும்படி ஆனபோது லாபம் கரைந்தது; கொஞ்ச நாளில் அந்தத் தொடரே காணாமல் போனது. அந்த அடி கணக்காளர்களின் மனத்தில் பதிந்தது. அங்கே 1973-இல் வழிகாட்டியும், 1981-இல் 45-ஆம் எண் கணக்கியல் நெறியும் வந்தன. உரிமம் விற்றால் போதாது, கடை திறப்பதற்குச் செய்ய வேண்டிய வேலையைச் செய்து முடித்தால்தான் நுழைவுக் கட்டணம் வருமானம் என்றார்கள்.

எங்கள் பக்கத்து விவசாயத்தில் நிலத்தைப் பயிரிடக் கொடுப்பதற்கு இரண்டு முறைகள் உண்டு. குத்தகை என்றால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய அளவைக் கொடுத்துவிட வேண்டும். வாரம் என்றால் விளைந்ததில் பங்கு. வாரத்துக்கு விட்டவர் மழை பெய்தால் வயலுக்குப் போய்ப் பார்ப்பார். பூச்சி விழுந்தால் அவருக்கும் தூக்கம் போகும். ராயல்டி என்பது வாரம். கடைக்காரரின் கல்லாவில் காசு விழுந்தால்தான் தாய்க் கம்பெனிக்கும் காசு. நுழைவுக் கட்டணமோ முதல் நாளே கைக்கு வந்துவிடும் பணம். அதற்குப் பிறகு அந்த வயலில் மழை பெய்ததா என்று பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமலே போகலாம். ஆகவே ஒரு பிரான்சைஸ் கம்பெனி நிலைக்குமா என்று கேட்டால், நான் முதலில் பார்க்கும் இடம் இதுதான். அது கடைகள் நடப்பதால் வாழ்கிறதா, கடைகளை விற்பதால் வாழ்கிறதா?

பையன் கொண்டுவந்த ஒப்பந்தத்தையே எடுத்துக்கொள்ளலாம். மாதம் 2.5 லட்சம் விற்கும் கடையிலிருந்து 6 சதவீதம் என்றால் 15,000 ரூபாய், வருஷத்துக்கு 1.8 லட்சம். ஒரு கடையின் நுழைவுக் கட்டணத்துக்கு இணையான ராயல்டி வந்துசேர மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். புதுக் கடை ஒன்றை விற்றால் அதே பணம் ஒரே நாளில் வரும். ஒரு வருஷத்தில் 40 உரிமங்கள் விற்றால் 2 கோடி. அதை அப்படியே அந்த வருஷத்து வருமானமாகக் காட்டினால் கம்பெனி கொழுத்துத் தெரியும். ஒப்பந்தம் பத்து வருஷத்துக்கு என்பதால் பத்து வருஷத்துக்கும் பிரித்துப் போட்டால், அந்த வருஷத்துக்கு உரியது 20 லட்சம்தான். மீதி 1.8 கோடி வருமானமே அல்ல. கடைக்காரர்களுக்கு இனிமேல் செய்து தரவேண்டிய சேவைக்காக வாங்கி வைத்திருக்கும் பொறுப்பு. கம்பெனி அதே, பணம் அதே, ஆனால் படிப்பவர் மனத்தில் எழும் உருவம் வேறு.

2018 ஏப்ரல் முதல் நம் நாட்டில் நடைமுறையில் இருக்கும் இந்திய கணக்கியல் நெறி 115, பெயரையும் ஆதரவையும் வருஷக்கணக்கில் தருவதற்கான கட்டணத்தைப் பெரும்பாலும் இப்படிப் பிரித்துப் போடத்தான் சொல்கிறது. ஆனால் அது பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனிகளுக்கும் 250 கோடி நிகர மதிப்புக்கு மேற்பட்டவற்றுக்கும் உரியது. ஊர் ஊராகப் பலகை மாட்டும் இளம் கம்பெனிகள் பழைய 9-ஆம் நெறியில்தான் கணக்கு எழுதுகின்றன. அதிலும் சேவை செய்த அளவுக்குத்தான் வருமானம். எவ்வளவு செய்தாயிற்று என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில்தான் தணிக்கையாளர் தனியாக நிற்கிறார். அவர் விடாமல் கேட்டால் லாபம் சுருங்கும். கேட்காமல் விட்டால் யாரும் குற்றம் சொல்லப் போவதில்லை.

பெரிய கம்பெனிகளிலும் சறுக்கல் உண்டு. டோனட் விற்கும் கிரிஸ்பி கிரீம் 2000-இல் பங்குச் சந்தைக்கு வந்து எல்லாராலும் கொண்டாடப்பட்டது. 2005-இல் பழைய கணக்கைத் திருத்த வேண்டிய நிலைக்கு வந்தது. பிரான்சைஸ் கடைகளைத் திரும்ப வாங்கும்போது கடைக்காரருக்குப் பணத்தைக் கொடுத்து, அதே பணத்தை வேறொரு பெயரில் திரும்பப் பெற்று வருமானமாகக் காட்டினார்கள் என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2009-இல் குற்றம் சாட்டியது. தாய்க் கம்பெனிக்கும் கடைக்காரருக்கும் இடையே கைமாறும் பணத்தில் எது வியாபாரம், எது வேஷம் என்று வெளியிலிருந்து கண்டுபிடிப்பது அத்தனை கடினம்.

மின்னி பேர்லுக்கு அரை நூற்றாண்டு கழித்து அதே கதை திரும்பவும் நடந்தது. பர்கரிம் என்ற கம்பெனி 1,500-க்கும் மேற்பட்டவர்களுக்கு உரிமம் விற்றது. ஒவ்வொருவரும் 50,000 டாலர் வாக்கில் கட்டினார்கள். பெரும்பாலோரின் கடை திறக்கவே இல்லை என்று 2022-இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் வழக்குக்குக் கொண்டுபோனது. நெறிகள் மாறின, சட்டங்கள் வந்தன, ஆனாலும் கட்டியவர்கள் கட்டினார்கள். ஓய்வூதியச் சேமிப்பையும் வீட்டுக் கடனையும் கையில் வைத்துக்கொண்டு, சொந்தமாக ஒரு கடை என்ற ஆசையோடு நிற்கும் மனிதர் எல்லா ஊரிலும் ஒரே மாதிரித்தான் இருக்கிறார். அவரை நான் பேராசைக்காரர் என்று சொல்லமாட்டேன். தனியாகக் கடை போட்டால் தோற்றுவிடுவோம் என்று பயந்துதான் அவர் ஒரு பெயரின் நிழலுக்குள் வருகிறார். நம்பிக்கைக்காகவே கூடுதல் விலை கொடுக்கிறார்.

அந்த நம்பிக்கைக்கு யார் பொறுப்பு? தணிக்கை அறிக்கையின் முதல் வரியைப் பாருங்கள். “உறுப்பினர்களுக்கு” என்றுதான் அது தொடங்கும். அதாவது பங்குதாரர்களுக்கு. கடைக்காரர் பங்குதாரர் அல்ல. 1990-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை கப்பாரோ வழக்கில் தந்த தீர்ப்பு எங்கள் தொழிலில் எல்லாரும் படிப்பது. ஒரு கம்பெனியின் தணிக்கையான கணக்கை நம்பிப் பங்குகளை வாங்கியவர்கள், லாபம் என்று காட்டியது உண்மையில் நட்டம் என்று பிறகு வழக்குப் போட்டார்கள். தணிக்கையாளரின் கடமை பங்குதாரர்கள் என்ற மொத்தத் தொகுதிக்குத்தான், அறிக்கையை நம்பி முதலீடு செய்யும் தனி ஆளுக்கு அல்ல என்று சபை சொன்னது. பங்கு வாங்கியவருக்கே அந்த நிலை என்றால் பலகை வாங்குபவரின் நிலை என்ன? கடிதம் எழுதியவர் ஒருவர், முகவரியில் இருப்பவர் வேறொருவர். உருக்கத்தோடு படிப்பவரோ முகவரியிலேயே இல்லாதவர்.

சில நாடுகள் இந்த மூன்றாம் மனிதரை நினைத்துச் சட்டம் எழுதியிருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் பிரான்சைஸ் நடத்தை விதிகளின்படி, கடன்களை உரிய காலத்தில் அடைக்கக் கம்பெனியால் முடியும் என்று இயக்குநர் எழுதித் தர வேண்டும். அதைச் சுயேச்சையான தணிக்கையாளர் ஆதரித்தால், இரண்டு வருஷக் கணக்குகளைக் காட்டவேண்டியதில்லை என்று விதி இருந்தது. இரண்டு வருஷக் கணக்கின் பாரத்தை ஒரு கையெழுத்து சுமக்கிறது. அந்தப் பேனாவைப் பிடிப்பவருக்குக் கை நடுங்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

அமெரிக்காவில் 1979-இல் நடைமுறைக்கு வந்த விதி, தணிக்கையான கணக்குகளைக் கடை வாங்குபவரிடமே கொடுக்கச் சொல்கிறது. ஒப்பந்தத்துக்கு 14 நாள் முன்பே வெளிப்படுத்தல் ஆவணம் அவர் கையில் இருக்க வேண்டும். கம்பெனி பலவீனமாக இருந்தால், கடை திறக்கும்வரை கட்டணத்தைத் தொடக்கூடாது என்று சில மாநிலங்கள் தடுக்கின்றன. ஆனால் அந்த ஆவணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கணக்கு அல்ல. இருபதாம் இனம். மூன்று வருஷத்தில் எத்தனை கடைகள் திறந்தன, எத்தனை மூடின என்ற அட்டவணை அதில் இருக்கிறது. போன வருஷம் விலகியவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் கூட அதில் இருக்கவேண்டும். மூடியவரைக் கூப்பிட்டுக் கேள் என்று சட்டமே வழி காட்டுகிறது.

நம்மிடம் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2020-ஆம் ஆண்டின் தணிக்கை அறிக்கை உத்தரவில் ஒரு நல்ல பிரிவு உண்டு. அடுத்த ஒரு வருஷத்தில் தீர்க்க வேண்டிய கடன்களைக் கம்பெனியால் தீர்க்க முடியுமா என்று தணிக்கையாளர் தன் கருத்தைச் சொல்லியாக வேண்டும். ஆனால் சிறிய தனியார் கம்பெனிகளுக்கு அந்த உத்தரவு பொருந்தாது. பலகை விற்பவர்களில் எத்தனையோ பேர் கம்பெனியாகவே பதிவு செய்யாமல் தனி ஆளாகவோ கூட்டாகவோ நடத்துகிறார்கள். அங்கே வருமான வரிக்கான தணிக்கை மட்டும்தான். அது வரிக்குத்தான் பதில் சொல்லும்.

தூக்கம் வராத அந்த இரவில் நான் இன்னொரு காரியமும் செய்தேன். என் அலமாரியிலிருந்து ஒன்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு கோப்பை எடுத்தேன். பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கும் மையங்களைப் பிரான்சைஸாக நடத்திய ஒரு கம்பெனி. தணிக்கை செய்தவன் நான். அந்த வருஷம் லாபம் 11 லட்சம். லாப நட்டக் கணக்கில் “இதர வருமானம்” என்ற தலைப்பில் 14 லட்சம். விவரம் கேட்டேன், கொடுத்தார்கள்: ஏழு மையங்களின் டெபாசிட், தலைக்கு 2 லட்சம். மூன்று வருஷத்துக்குள் மையத்தை மூடினால் டெபாசிட் திரும்பாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஒப்பந்தத்தைப் பார்த்தேன், கடிதங்களைப் பார்த்தேன், கூட்டிப் பார்த்தேன். எல்லாம் சரி. பச்சை மையில் ஒவ்வொரு வரியிலும் சரி குறி போட்டிருக்கிறேன். என் கையெழுத்து அழகாகவே இருந்தது.

அந்த ஏழு வரிகளும் ஏழு பேருடைய வீழ்ச்சி என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. மையம் மூடினால் அது கம்பெனிக்கு வந்த நோய். அந்த நோய் கணக்கில் வருமானமாகப் பதிவாகியிருந்தது. அதைக் கழித்துப் பார்த்திருந்தால் அந்த வருஷம் லாபமே இல்லை, நட்டம். அடுத்த வருஷம் அந்த லாபக் கணக்கைக் காட்டித்தான் புதிய மையங்களை விற்றிருப்பார்கள். அதற்கடுத்த வருஷம் கம்பெனியே இல்லை. எந்த நெறியையும் நான் மீறவில்லை. யாரும் என்மேல் புகார் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நிற்காது. ஆனாலும் அந்தப் பச்சைக் குறிகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆடிட் என்ற சொல்லின் வேர் லத்தீனில் கேட்டல். ஒரு காலத்தில் கணக்கை உரக்கப் படிப்பார்கள். தணிக்கையாளர் காதால் கேட்பார். தமிழிலும் நாம் கணக்குக் கேட்பது என்றுதான் சொல்கிறோம். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரும் அவர் உறவினர் பெயரும் குடவோலைக்கு ஆகாது என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். ஊர் நடுவே கணக்குக் காட்டவேண்டும், ஊர் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. நாங்களோ காகிதத்தைக் கேட்கப் பழகிவிட்டோம். காகிதம் எழுதிக் கொடுத்தவரின் குரலில் மட்டுமே பேசும். பிரான்சைஸ் கம்பெனியின் உண்மையான கணக்கு, அறையில் இல்லாதவர்களிடம் இருக்கிறது. ராயல்டி பாக்கி வைத்திருப்பவர் ஏன் கட்டவில்லை? ஒரு கடைக்கு வரும் ராயல்டி போன வருஷத்தைவிட ஏன் குறைந்தது? திரும்பத் தரவேண்டிய டெபாசிட்டை எடுத்துத்தான் சம்பளம் கொடுக்கிறார்களா? இவற்றைக் கேட்க எந்த நெறியும் என்னைத் தடுக்கவில்லை. வெளியாரிடம் நேரடியாக உறுதி கேட்டு எழுதும் வழக்கம் எங்கள் தொழிலில் வெகுகாலமாக இருக்கிறது. வங்கிக்கு எழுதுகிறோம், கடன்பட்டவருக்கு எழுதுகிறோம். கடையை மூடியவருக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை.

மறுநாள் பையனை வரச்சொன்னேன். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டி, அந்தத் தேநீர்க் கம்பெனி தாக்கல் செய்த மூன்று வருஷக் கணக்கையும் எடுத்தோம். நுழைவுக் கட்டணம் எவ்வளவு, ராயல்டி எவ்வளவு என்று பிரித்து ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். ராயல்டி சிறுத்துக்கொண்டே வந்தது. இதர வருமானம் வளர்ந்துகொண்டே வந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை.

“கடைங்க லிஸ்ட் வச்சிருக்கியா தம்பி?”

“அவங்க பழைய விளம்பரத்துல முப்பத்தி ரெண்டு ஊர் போட்டிருக்கு சார்.”

“போய்ப் பாரு. திறந்திருக்கிற கடையில டீ குடி. மூடியிருந்தா பக்கத்துக் கடையில விசாரி.”

நாகர்கோவில், தூத்துக்குடி, கோவில்பட்டி, சங்கரன்கோவில் என்று நாலு நாள் பைக்கில் சுற்றினான். நாலாம் நாள் மத்தியானம் போன் வந்தது. ஒரு ஊரில் பலகை மட்டும் வெயிலில் வெளுத்துத் தொங்குகிறதாம், ஷட்டர் இறக்கியிருக்கிறதாம். பக்கத்து செல்போன் கடைக்காரர் மூலமாக ஆளைக் கண்டுபிடித்துவிட்டான்.

“சார், அவர் பக்கத்துலதான் இருக்காரு. நீங்களே பேசுங்க.”

மறுமுனையில் ஒரு நடுவயதுக் குரல். நான் யார் என்று சொன்னேன். கம்பெனியிலிருந்தா என்று முதலில் பயந்தார்; இல்லை, ஒரு ஆடிட்டர், இந்தப் பையனுக்காகக் கேட்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“என்ன கேக்கணும் சார்?”

“எப்பத் திறந்தீங்க, எப்ப மூடினீங்க, டெபாசிட் திரும்ப வந்துச்சா. அதுலேருந்து சொல்லுங்க.”

அவர் சொல்லத் தொடங்கினார். நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேலே தேதி போட்டேன்.